டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்

அந்த மருத்துவமனையில் "எனக்குப் புரியவில்லை" என்று யாரும் சொல்வதில்லை. இந்த விதி எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. ஒட்டப்பட்டிருந்த விதிகளை யாரும் பின்பற்றவும் இல்லை. பெரிய டாக்டர் சொல்வதற்குச் சின்ன டாக்டர் தலையாட்டுவார். சின்ன டாக்டர் சொல்வதற்குச் செவிலியர் தலையாட்டுவார். செவிலியர் சொல்வதற்கு நோயாளி தலையாட்டுவார். அந்த நோயாளி வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்பது மருத்துவ அறிவியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆகவே, நோயாளிகளுக்குப் புரியும்படி பேசுவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி அளிக்கப்பட்டபோதும் எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் அம்மையார், "சுகாதார எழுத்தறிவுக் குறைபாடுடைய பயனாளிகளுடனான இருவழித் தொடர்பாடலின் படிநிலைகள்" என்று தொடங்கி மொத்தம் பன்னிரண்டு விதிகளை விளக்கினார். மேசைக்குப் பின்னால் உட்காராதே, பக்கத்தில் உட்கார். கருவிகளைத் தள்ளி வை, முகத்தைப் பார். மெதுவாகப் பேசு. படம் வரைந்து காட்டு. குடும்பத்தினரையும் அழை. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல். மூன்றாம் நாள் மதிய உணவு சற்று நீண்டுவிட்டதால், ஒன்பதாவது விதியான 'செவிமடுத்தல்' மட்டும் விடுபட்டது. அதைக் கையேட்டில் படித்துக்கொள்ளும்படி அம்மையார் கேட்டுக்கொண்டார். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சின்ன டாக்டரின் தலை மற்றவர்களுடையதைவிட வேகமாக ஆடியது. மாத இறுதியில் அவருடைய தற்காலிக நியமனம் முடிகிறது. நிரந்தரமாக்க வேண்டுமானால் இந்தப் பயிற்சியின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால், பத்து நாட்களுக்குள் அவர் விளக்கிப் புரியவைத்த ஒரு நோயாளி பயிற்சியாளர் முன்னால் வந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: எனக்கு என்ன, நான் என்ன செய்ய வேண்டும், ஏன்?

நான்கு ஆண்டுகளில் மூன்று ஊர் மாறியவர் அவர். வீட்டுக் கூடத்தில் பாதிப் பெட்டிகள் இன்னும் கயிறு அவிழ்க்கப்படாமலே கிடந்தன. மனைவி ஒவ்வொரு மாலையும் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

"பிரிக்கலாமா, வேண்டாமா?"

"பத்து நாள் பொறு."

"பருப்புக் கடையற மத்து அந்தப் பெட்டியிலதான் இருக்கு. பத்து நாள் கரண்டியால கடையறேன். அதுக்கு மேல என்னால முடியாது, சொல்லிட்டேன்."

மறுநாள் காலை பதினேழாம் எண் வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே சின்ன டாக்டர் நினைத்தார்.

அங்கே யாரும் பெயர் சொல்லி அழைக்கப்படுவதில்லை. வெளித் தாழ்வாரத்தில் செவிலியர் இரத்த அழுத்தம் பார்ப்பார். ஒரு துண்டுச் சீட்டில் வரிசை எண்ணையும் அளவையும் தொல்லையையும் எழுதுவார். சீட்டு உள்ளே போகும். பிறகு எண் கூப்பிடப்படும். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: பதினேழு, நூற்றறுபதுக்கு நூறு, தலைசுற்றல். ஒரே நோய், ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரே வேளை. மூன்று கேள்விகளுக்கு இதைவிடத் தோதான நோயாளி தேடினாலும் கிடைக்கமாட்டார்.

எண் அழைக்கப்பட்டதும் பெஞ்சிலிருந்து ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் சேர்ந்தே எழுந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் தையல்காரரின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான்," என்றார் செவிலியர்.

டாக்டர்களிடம் பேசுவது அந்த வீட்டில் எப்போதும் கணவரின் பொறுப்பு. மனைவி மறுபடி உட்கார்ந்தாள். தையல்காரர் உள்ளே போனார்.

"டாக்டர், ரெண்டு நாளா தலை சுத்துதுன்னு..."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். சிரமப்படாதீங்க," என்றார் சின்ன டாக்டர். மேசையைச் சுற்றி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் முழங்காலைத் தொடும்படி பக்கத்தில் உட்கார்ந்தார். கருவிகளைத் தள்ளி வைத்தார். முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு மெதுவாகப் பேசினார். சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டுப் பேசினார். இரத்தக் குழாய்க்குள் அழுத்தம் சற்றுக் கூடியிருக்கிறது என்றும், இது பலருக்கும் வருவதுதான் என்றும், பயப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

"எனக்கா?" என்றார் தையல்காரர்.

"உங்களுக்குத்தான்."

தையல்காரரின் முகம் வெளுத்தது. எதற்காக வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. சின்ன டாக்டர் ஒரு தாளை எடுத்து ஓர் இதயம் வரைந்தார். அதிலிருந்து ஓர் அம்பு. அம்பின் முனையில் மாத்திரைக்கு அடையாளமாக ஒரு வட்டம். மேலே, காலை வேளையைக் குறிக்க, கதிர் வீசும் ஒரு சூரியன். தாளையும் ஒரு மாத்திரை அட்டையையும் கையில் கொடுத்து, அந்தக் கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

தையல்காரர் தலையாட்டினார். வேறெதுவும் அவரால் இயலவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவர் மனைவியிடம் சொன்ன முதல் வாக்கியம்: "டாக்டர் எழுந்து வந்து பக்கத்துல உட்கார்ந்தார்."

பெஞ்சில் இருந்த ஒன்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மருத்துவமனை கட்டப்பட்ட நாளிலிருந்து எந்த டாக்டரும் எந்த நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை. காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், தன் சித்தப்பாவின் பக்கத்தில் ஒரு டாக்டர் இப்படி உட்கார்ந்ததாகவும், அது வேறு ஊர் என்றும், சித்தப்பா அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டவில்லை என்றும் தணிந்த குரலில் தெரிவித்தார்.

"கையையும் பிடிச்சாரா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பிடிச்சார்."

மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண்மணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தைரியமாக இருக்கும்படி சொன்னாள்.

கதவிடுக்கு வழியே இதைப் பார்த்த சின்ன டாக்டருக்குத் திக்கென்றது. தான் சொன்னது போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. குடும்பத்தினரை ஈடுபடுத்து என்பது ஏழாம் விதி. உடனே மனைவியையும் உள்ளே அழைத்தார். அவளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கும் மெதுவாகப் பேசினார். இனிமேல் இவரை நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அழக் கூடாது," என்றார் டாக்டர் கனிவாக. "மனசுல எது இருந்தாலும் இவர் முன்னாடி காட்டிக்காதீங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மாலையே அவளுடைய அண்ணன் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். உலகத்தில் அவருக்குத் தெரியாத வழித்தடம் இல்லை. படம் வரைந்த தாளை விளக்கடியில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஆழ்ந்த வாசிப்பு ஒன்றை நிகழ்த்தினார்.

"இது இதயம். இதுல இருந்து அம்பு கிளம்புது. அப்படியே மேல போகுது. மேல என்ன இருக்கு?"

"வெளிச்சம்," என்றார் தையல்காரர்.

"அவ்வளவுதான் மாப்பிள்ளை. வாயால சொல்ல முடியாம வரைஞ்சு குடுத்திருக்கார். நல்ல மனுஷன்."

தகவல் தெருவைத் தாண்டியது. மறுநாள் காலை தையல்காரரின் கடை வாசலில் கூட்டம். எல்லோரும் துக்கத்தோடு வந்தார்கள். எல்லோருடைய துணியும் உள்ளே இருந்தது. பாதி தைத்த கால்சட்டைகளையும் காஜா எடுக்காத சட்டைகளையும் அவரவர் அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு, போகும்போது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் திருமணமாக இருந்த ஒரு வாலிபன் மட்டும் தன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான்.

"அண்ணே, ஒரு கைதான் வச்சிருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க. டாக்டர் எத்தனை நாள்னு ஏதாவது சொன்னாரா? இன்னொரு கை முடிஞ்சிடுமா?"

"முயற்சி பண்றேன் தம்பி," என்றார் தையல்காரர்.

ஐந்தாம் நாள் செய்தி சின்ன டாக்டரை எட்டியது. அவர் பதறிப்போனார். இந்த மனிதர் இதே மனநிலையில் தேர்வுக்கு வந்தால் முதல் கேள்விக்கே அழுதுவிடுவார். சான்றிதழ் போகும், வேலை போகும், கயிறு அவிழ்க்காத பெட்டிகளை அப்படியே லாரியில் ஏற்ற வேண்டியதுதான். நேரில் போய்ச் சிரித்துப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்து, பையைத் தூக்கிக்கொண்டு தையல்காரரின் வீட்டுக்கே கிளம்பினார்.

டாக்டர் தானாக வீடு தேடி வருகிறார் என்பதைத் தெருமுனையிலேயே பார்த்தவர்கள், அவருக்கு முன்னால் ஓடி வந்து சொன்னார்கள். அவர் வாசலில் கால் வைத்தபோது வீட்டுக்குள் இருபத்திரண்டு உறவினர்கள் இருந்தார்கள். சின்ன டாக்டர் திட்டமிட்டபடி உரக்கச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர், பாவம், இந்த வயதில் டாக்டருக்கே மனம் தாங்கவில்லை என்று பெருமூச்சு விட்டார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

தையல்காரர் தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தார். மாத்திரை அட்டை, ஒன்றுகூடக் குறையாமல், பொத்தான்களுக்கு நடுவே படுத்திருந்தது.

நடத்துநர் முன்னால் வந்து விளக்கினார். "படத்துல சூரியன் போட்டிருக்கீங்க டாக்டர். அஞ்சு நாளா மழை. சூரியனே வரல. இல்லாதப்போ போட்டு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பொறுப்பு?"

சின்ன டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு பையிலிருந்து இரத்த அழுத்தக் கருவியை எடுத்துத் தையல்காரரின் கையில் கட்டினார். இருபத்திரண்டு பேரும் மூச்சடக்கிச் சுற்றி நின்றார்கள். நூற்றறுபத்தைந்து.

"பாருங்க, நான் அன்னைக்குச் சொன்னதேதான்," என்றார் டாக்டர், தன்னையறியாமல் மகிழ்ந்து.

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ விம்மினார்கள். மனைவி அடுப்பங்கரை நிலையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். எவ்வளவு பாசம் என்று எல்லோரும் உருகினார்கள்.

டாக்டர் போன பிறகு நிலைமை முற்றியது. அயலூரிலிருந்த மகள் கைக்குழந்தையோடு வந்தாள். முப்பது ஆண்டுகளாகப் பேசாதிருந்த பங்காளி ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்டார். தையல்காரர் மன்னித்தார், வேறு யாரையெல்லாம் மன்னிக்க வேண்டியிருக்கிறது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டார். திருமணக் கோட்டின் இரண்டாவது கையை ஒரே மூச்சில் தைத்து முடித்தார். வாழ்நாளிலேயே தான் வைத்த சிறந்த கை அதுதான் என்றார்.

ஒன்பதாம் நாள் சின்ன டாக்டர், வேறு வழியின்றி, பெரிய டாக்டரின் அறைக்குள் நுழைந்தார். அவர் முப்பது ஆண்டுகளாக எந்த நோயாளியிடமும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. பயிற்சிக்கு வந்தவர்களிலும் தூங்கிக்கொண்டே தலையாட்டியவர் அவர் ஒருவர்தான். தையல்காரர் முன்னால் நிறுத்தப்பட்டார். பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல. போ."

தையல்காரரின் முகத்தில் இரத்தம் திரும்பியது. இத்தனை நாளாகக் கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. இதுவல்லவா மருத்துவம் என்று அவர் கைகூப்பினார். வெளியே போய் நடத்துநரைக் கட்டிப் பிடித்தார். மன்னிப்புப் பட்டியலைக் கிழித்துப் போட்டார். இனி அவர்களுடன் பழையபடி பேசாமல் இருந்துகொள்ளலாம்.

சின்ன டாக்டரும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனார். மறுநாள் தேர்வு தொடங்கும் வரை அந்த நிம்மதி நீடித்தது.

பத்தாம் நாள் காலை. சின்ன டாக்டரின் அறையில் பயிற்சியாளர் அம்மையார் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். எதிரே தையல்காரர். அவருக்குப் பின்னால் நடத்துநர். வாசலருகே செவிலியரும், மேலிடத்து உத்தரவின் பேரில் வரவழைக்கப்பட்டிருந்த பெரிய டாக்டரும். மனைவி வழக்கம்போல் சுவரோரம்.

"உங்களுக்கு என்ன?" என்று அம்மையார் முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"நீங்க என்ன செய்யணும்?"

"போகணும்."

"ஏன்?"

"பெரிய டாக்டர் சொன்னார்."

அம்மையார் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் எழுதப் போகும் எழுத்துகளைச் சின்ன டாக்டர் தலைகீழாகவே படித்துவிட்டார். கண்முன்னே லாரி வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, இம்முறை பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத் தரும்படி கெஞ்சினார். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மறுவிளக்கத்துக்கு ஒருமுறை இடமிருப்பதை அம்மையார் கண்டுபிடித்தார். அதை அவரும் அன்றுதான் படித்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

சின்ன டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். தாள் இல்லை, படம் இல்லை, சூரியன் கூடாது. தையல்காரரின் கழுத்திலிருந்த அளவு நாடாவில் அவர் கண் நின்றது.

"உங்க மெஷின்ல நூல் இழுவை கூடிப்போனா என்ன ஆகும்?"

பத்து நாட்களில் தையல்காரருக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருத்துவமனைக்குள் முதன்முறையாக அவர் குரலில் ஒரு தொழிலாளியின் அதிகாரம் வந்தது.

"துணி சுருங்கும். மேல பார்த்தா தையல் நல்லாத்தான் இருக்கும் டாக்டர். உள்ள நூல் இழுத்துக்கிட்டே கிடக்கும். என்னைக்காவது பட்டுனு அறும்."

"அறாம இருக்க?"

"மேல ஒரு திருகு இருக்கு. அரைச் சுத்து தளர்த்தணும்." அவர் சட்டென்று நிறுத்தினார். கண்கள் விரிந்தன. "அந்த மாத்திரை திருகா?"

"திருகுதான்."

"அப்போ இது சாவு இல்ல. இழுவை. தினமும் தைக்கிறோம், தினமும் இழுக்கும். அதனால தினமும் காலையில அரைச் சுத்து. மழை பெஞ்சாலும் சரி, வெயில் அடிச்சாலும் சரி. விட்டுட்டா வெளியில ஒண்ணும் தெரியாது, திடீர்னு ஒரு நாள் அறுந்துடும். இவ்வளவுதானே டாக்டர்? இதை முதல் நாளே சொல்லியிருந்தா அந்தப் பங்காளிப் பயலை நான் மன்னிச்சிருக்கவே மாட்டேனே."

நடத்துநர் மூக்கைச் சிந்தினார். பெரிய டாக்டர், முப்பது ஆண்டுப் பழக்கத்தை மீறாமல், "நல்ல உதாரணம்" என்று இரண்டு சொல் பாராட்டினார். செவிலியர் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள். அம்மையார் மூன்று கட்டங்களிலும் சரி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். இந்த நேர்காணல் இனி எல்லா மருத்துவமனைகளிலும் முன்மாதிரியாகக் காட்டப்படும் என்று அறிவித்தார். சின்ன டாக்டர் சான்றிதழை இரு கைகளாலும் வாங்கினார். பிரித்துவிடு, எல்லாப் பெட்டியையும் பிரித்துவிடு என்று மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நிகழ்ச்சியை முறைப்படி நிறைவு செய்ய வேண்டும் அல்லவா? அம்மையார் கையேட்டைப் பார்த்து, இங்கு விளக்கப்பட்டது அனைவருக்கும் புரிந்ததா என்று வினவினார். கேள்வி முடிவதற்கு முன்பே எல்லாத் தலைகளும் ஒருசேர ஆடின.

ஒரு தலை மட்டும் ஆடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றாள் தையல்காரரின் மனைவி.

"எனக்குப் புரியல, டாக்டர்," என்றாள். "தலை சுத்துதுன்னு வந்தது நான், அந்தச் சீட்டுல இருக்கிறது என் கையில பார்த்த பிரஷர், இவர் சும்மா துணைக்கு வந்தவர்."